நிலமும் பாடபேதமும்
பேர்லின் நகரின் கால்வாய்ப் பூங்காவை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

நிலம் தானாகப் பேசுவதில்லை. அதன்மீது வாழ்ந்தோர் அதனை எதற்குப் பயன்படுத்தினர், எப்பெயரிட்டு அழைத்தனர் என்பனவே அதன் மொழியாகின்றன. ஒரு தலைமுறை வயலாகக் கண்ட நிலத்தை அடுத்த தலைமுறை கால்வாயாகவும், அதற்கடுத்த தலைமுறை பூங்காவாகவும், பிறிதொரு தலைமுறை எல்லையாகவும் காண்பது உலகியற்கை. இத்தகைய மாற்றங்கள் நிகழும்போது பொறியியலாளரும் நகரத் திட்டமிடுவோரும் செலவையும் வசதியையும் கணக்கிடுகின்றனர். ஆயின் அவர்தம் கணக்கில் இடம்பெறாத வினா ஒன்று உண்டு. பல காலங்களைத் தன்னுள் அடக்கிய ஓரிடத்தைச் சீரமைக்கப் புகுவோர், அக்காலங்களுள் எதனை மீட்பதற்கு உரிமை உடையர்? ஒன்றை மீட்கும்போது ஏனையவற்றுக்கு அவர் ஆற்றவேண்டிய கடன் யாது? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதைவிட, உண்மையான ஓரிடத்தை முன்வைத்து ஆராய்வதே பயன் தரும். பேர்லின் நகரில் லூயிசன்ஸ்டட் கால்வாய் என வழங்கப்பெற்று, இன்று பொதுப்பூங்காவாக விளங்கும் நிலத்துண்டு அவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமானது. ஏனெனில் அது ஒருமுறையன்று, இருமுறை பூங்காவாக்கப்பட்ட நிலமாகும்.

1. கால்வாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேர்லின் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. நகரின் ஊடே ஓடும் ஸ்பிறே ஆற்றையும் தெற்கே வெட்டப்பட்ட லான்ட்வேர் கால்வாயையும் இணைக்கும் நீர்வழி ஒன்றைப் பூங்காக் கலைஞரும் நகரத் திட்டமிடுநருமான பீற்றர் யோசப் லென்னே வகுத்தார். ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர் நீளமுடைய அக்கால்வாய் 1848 முதல் 1852 வரையான ஆண்டுகளில் வெட்டப்பட்டது. கட்டடப் பொருள்களைப் படகிற் கொண்டுவருதலும், ஈரநிலத்தின் நீரை வடித்தலும், புதிதாக எழும் குடியிருப்புக்கு அழகு சேர்த்தலும் அதன் நோக்கங்களாயிருந்தன.

கால்வாய் வெட்டத் தொடங்கிய 1848ஆம் ஆண்டு ஐரோப்பா எங்கணும் புரட்சி கனன்ற ஆண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலையற்றோர் பெருந்தொகையினராய் இருந்த அந்நாளில், அவர்களுக்குக் கூலி அளிக்கும் பொதுவேலையாகவும் இக்கால்வாய் அமைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், தம் வேலையைப் பறித்துவிடும் என அஞ்சிய தொழிலாளர், நீரிறைப்பதற்கென நிறுவப்பட்ட நீராவி இயந்திரம் ஒன்றை அழித்தனர். சில நாள்களின் பின் அவர்களுக்கும் நகரக் காவற்படைக்கும் இடையே மூண்ட மோதலில் தொழிலாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே, பிற்காலத்தார் அழகிய நீர்வழியெனக் கண்ட கால்வாயின் முதற் பக்கத்திலேயே குருதி தோய்ந்திருக்கின்றது.

இவ்வாறு வெட்டப்பட்ட கால்வாய் எதிர்பார்த்த பயனை அளிக்கவில்லை. நிலத்தின் சாய்வு மிகக் குறைவானதால் நீர் ஓடாது தேங்கியது. கழிவு கலந்தது. கோடையில் நாற்றம் எழுந்தது. படகுப் போக்குவரத்தும் எண்ணியவாறு பெருகவில்லை. இருமருங்கும் நெருங்கி எழுந்த குடியிருப்பு மாளிகைகளில், காற்றும் ஒளியும் அரிதாய்ப் புகும் உள்முற்றங்களைச் சூழ்ந்த அறைகளில், உழைக்கும் வர்க்கத்தினர் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கால்வாய் அழகாகவன்றித் தொல்லையாகவே இருந்தது. 1926ஆம் ஆண்டு தொடங்கி அது தூர்க்கப்பட்டது. நகரின் அடியே சுரங்க இரயில்பாதை அமைக்கத் தோண்டிய மண் அதற்குப் பயன்பட்டது. ஒன்றைத் தோண்டி எடுத்த மண்ணால் மற்றொன்றை மூடுதல் நகரங்களின் இயல்பு போலும்.

2. தாழ்ந்த பூங்கா

தூர்க்கப்பட்ட நிலத்தைப் பூங்காவாக்கும் பணி, நகரப் பூங்காப் பணிப்பாளராய் இருந்த எர்வின் பார்த் என்பாரின் திட்டப்படி 1920களின் இறுதியில் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அவர் செய்த முடிவு ஒன்றே இக்கட்டுரைக்கு அடிப்படையானது. கால்வாயைத் தெருமட்டம் வரை அவர் நிரப்பவில்லை. பழைய நீர்மட்டத்துக்குச் சற்று மேலாக மட்டும் மண்ணிட்டு, கரைச்சுவர்களை அவ்வாறே விடுத்து, அவற்றிடையே தாழ்ந்ததொரு பூங்காவை அமைத்தார். பூங்காவினுள் இறங்குபவர், முன்னர் நீர் நின்ற இடத்தில் நடக்கின்றார். இருபுறமும் எழும் சுவர்கள், இது ஒருகாலத்தில் கால்வாய் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றன. புனித மிக்கேல் தேவாலயத்தின் முன்னர் அமைந்த அகன்ற நீர்த்தேக்கம் மட்டும், தேவதூதர் தடாகம் எனும் பொருள்படும் எங்கெல்பெக்கன் என்னும் பெயரோடு, நீர்நிலையாகவே விடப்பட்டது. பூங்காவின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு இயல்பினதாக்கப்பட்டது. ரோசாத் தோட்டமும், சிறுவர் விளையாடுமிடமும், புத்தர் உருவத்தோடு கூடிய 'இந்திய நீரூற்று' ஒன்றும் அவற்றுள் அடங்கின.

பார்த்தின் செயலில் ஓர் அறம் பொதிந்திருப்பதை நாம் காணலாம். பயனற்றுப்போன ஒன்றை மாற்றுதற்கு மக்களுக்கு உரிமை உண்டு என்பதை அவர் ஏற்றார். நாற்றமெடுத்த நீரை அழகென்று காத்து நிற்குமாறு ஏழைகளைக் கேட்பது அறமன்று. அதே வேளை, மாற்றப்பட்டது எதுவென்பதை மறைத்துவிடவும் அவர் விரும்பவில்லை. புதியது பழையதன் அளவை ஏற்றுக்கொண்டது. கால்வாயின் அகலமே பூங்காவின் அகலம். கால்வாயின் வளைவே பூங்காவின் வளைவு. பழையதற்கு அடிமையாகாமலும் பழையதை அழித்துவிடாமலும் புதியதை ஆக்கும் நெறி இதுவெனலாம். மாற்றம் என்பது மறுப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இத்தாழ்ந்த பூங்கா சான்று.

இவ்வளவோடு கதை முடிந்திருப்பின் நமது வினாவுக்கு விடை எளிதாகும். ஆனால் அது முடியவில்லை.

3. சுவர்

1920இல் பெரும் பேர்லின் மாநகரம் உருவாக்கப்பட்டபோது அது இருபது மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மிற்றே, குறோய்ட்ஸ்பேர்க் எனும் இரு மாவட்டங்களுக்கிடையே எல்லை வகுத்தோர், கால்வாயின் வடபகுதியை அதற்குப் பயன்படுத்தினர். குப்பை அள்ளுதற்கும் வரி அறவிடுதற்கும் வேண்டிய நிருவாகக் கோடு அது. அதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. 1945 பெப்ரவரி 3ஆம் நாள் நிகழ்ந்த விமானத் தாக்குதலில் இப்பகுதி பெரிதும் அழிந்தது. போர் முடிந்தபின் வெற்றி பெற்ற வல்லரசுகள் நகரைப் பங்கிட்டபோது, மாவட்ட எல்லைகளையே தம் ஆட்சியெல்லைகளாகக் கொண்டன. மிற்றே சோவியத் பகுதியாயிற்று. குறோய்ட்ஸ்பேர்க் அமெரிக்கப் பகுதியாயிற்று. போரில் இடிந்த கட்டடங்களின் சிதைவுகளைக் கொட்டுவதற்குத் தாழ்ந்த பூங்கா வசதியான பள்ளமாய் அமைந்தது. பார்த்தின் தோட்டங்கள் செங்கற் குவியலின்கீழ் மறைந்தன.

1961 ஓகஸ்ட் 13ஆம் நாள் முதல் அக்கோட்டில் பேர்லின் சுவர் எழுந்தது. கால்வாயாகவும் பூங்காவாகவும் இருந்த நிலத்தின் வடபகுதி காவற்கோபுரமும் விளக்குக்கம்பமும் நிறைந்த வெற்றுநிலமாயிற்று. மக்கள் அதனை மரண வெளி என்றனர். சுவரின் முழு நீளத்திலும் 1961 முதல் 1989 வரை குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர் என்பது பின்னர் ஆய்வாளர் நிறுவிய கணக்கு. வரி அறவிடுதற்கு வரைந்த கோடு, நாற்பத்தொரு ஆண்டுகளில் உயிர் பறிக்கும் கோடாயிற்று. கோடு வரைந்தவர்கள் கொடியவர்களல்லர். எனினும் நிலத்தின்மீது இடப்படும் எந்தக் கோடும், இட்டவன் கருதாத பொருளைப் பிறிதொரு காலத்தே பெறக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

அச்சுவரும் எல்லாருக்கும் ஒரே பொருளை உடையதாய் இருக்கவில்லை. கிழக்கில் வாழ்ந்தோருக்கு அது சிறை. மேற்கே அதன் நிழலில், வாடகை குறைந்த பாழ்வீடுகளில் குடியேறிய துருக்கியத் தொழிலாளருக்கு அது புகலிடத்தின் பின்சுவர். 1980களில் இலங்கையிலிருந்து சென்ற தமிழ் அகதிகள் பலர், கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுள் புகுந்தனர். தன் குடிகளை வெளியேறவிடாத எல்லை, தொலைவிலிருந்து வந்த ஏதிலியருக்கு அக்காலத்தே வாயிலாயிற்று. இம்முரண்பாட்டை இங்குக் குறிப்பிடுவது, ஓரிடத்தின் கடந்தகாலம் என ஒருமையிற் பேசுவது எத்துணைப் பிழையானது என்பதை உணர்த்துதற்கேயாம்.

1989 நவம்பர் 9ஆம் நாள் சுவர் திறந்தது. அடுத்த ஆண்டு அதன் பெரும்பகுதி அகற்றப்பட்டது. 1991 முதல், கட்டங் கட்டமாக, நிலத்தின் வடபகுதி அகழப்பட்டது. சிதைவுகளை நீக்கிக் கரைச்சுவர்கள் வெளிக்கொணரப்பட்டன. ரோசாத் தோட்டம் மீண்டும் நடப்பட்டது. இந்திய நீரூற்று சீரமைக்கப்பட்டது. எங்கெல்பெக்கனில் மீண்டும் நீர் நிறைந்தது. அதாவது, பார்த் வகுத்த பூங்கா மீட்கப்பட்டது.

இவ்விடத்திலேதான் நம் வினா எழுகின்றது. மீட்போர் முன்னிலையில் மூன்று கடந்தகாலங்கள் இருந்தன. 1852இன் கால்வாய் ஒன்று. 1930ஐ ஒட்டிய பூங்கா மற்றொன்று. 1961இன் எல்லை பிறிதொன்று. கால அளவால் நோக்கின் கால்வாய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. எல்லை இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தது. பூங்காவோ முழுப்பொலிவோடு வாழ்ந்தது பத்தாண்டளவே. மூன்றினுள்ளும் மிகக் குறுகியதே உண்மையானதெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. இத்தெரிவு எதன் அடிப்படையில் நியாயமாகும்?

4. மூவகை விடைகள்

பழைய கட்டடங்களைப் பேணுதல் பற்றி ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த 1849ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிஞர் ஜோன் றஸ்கின், மீட்டமைத்தல் என்பது அழிவுகளுள் மிகக் கொடியது எனக் கட்டடக்கலை பற்றிய தம் நூலில் வாதிட்டார். இறந்ததை எழுப்ப இயலாது. பழமை எம்முடைய உடைமையன்று. அதனை ஆக்கியோருக்கும் இனி வருவோருக்கும் அது உரியது என்பது அவர் நிலை. இந்நெறிப்படி நோக்கின், பார்த்தின் பூங்காவை மீண்டும் நட்டது ஒரு பொய். இன்று மலரும் ரோசா 1930இல் மலர்ந்த ரோசாவன்று.

இதற்கு நேர்மாறாக, பிரெஞ்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக், மீட்டமைத்தலாவது ஒரு பொருளை அதன் நிறைவான நிலைக்குக் கொணர்தல் எனவும், அந்நிறைவு எந்தக் காலத்திலும் இருந்திராத ஒன்றாகவும் இருக்கலாம் எனவும் கருதினார். இந்நெறி துணிவுடையது, ஆயினும் ஆபத்தும் உடையது. நிறைவு எதுவென்பதை எவர் தீர்மானிப்பது? ஆட்சியில் உள்ளோர் தமக்கு உவப்பான காலத்தை நிறைவெனக் கொண்டு, உவப்பற்ற காலங்களைக் குறையெனத் தள்ளிவிடுதல் எளிது.

1964இல் உருவான வெனிஸ் சாசனம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நெறியை வகுத்தது. ஒரு சின்னத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த தகுதிவாய்ந்த பங்களிப்புகள் மதிக்கப்பட வேண்டும்; ஒரே காலத்தின் பாணியை மீட்பது நோக்கமாகாது; மேலுள்ள அடுக்கை நீக்கிக் கீழுள்ளதை வெளிக்கொணர்வது, நீக்கப்படுவது முக்கியத்துவம் குறைந்ததாயும் வெளிப்படுவது பெருமதிப்புடையதாயும் இருக்கும் அரிய வேளையில் மட்டுமே ஏற்கத்தக்கது; அம்மதிப்பீடும் பணியை மேற்கொள்வோர் ஒருவரின் முடிவாக மட்டும் இருத்தலாகாது என்பன அதன் கருத்துகள். இது நடுநிலையான நெறியே. எனினும் நாம் எடுத்துக்கொண்ட நிலத்தில் இதனைப் பொருத்திப் பார்க்கும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது. மரண வெளி முக்கியத்துவம் குறைந்ததென எவரும் கூறார். இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றில் அதைப்போல் முக்கியமானவை சிலவே. ஆனால் அதனைத் தகுதிவாய்ந்த பங்களிப்பு எனலாமா? கொடுமையும் ஒரு காலத்தின் பங்களிப்பாகுமா? கலைச்சின்னங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நெறி இவ்வினா முன்னே தயங்கி நிற்கின்றது.

5. மறத்தற்கு உரிமை

இவ்விடத்து வலுவான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அறிஞர் ஆயிரம் நெறி பேசலாம். அந்நிலத்தின் ஓரத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அவை எதற்கு? ஒவ்வொரு காலையும் சாளரத்தைத் திறந்து சுவரையே கண்டவர், இனியாவது மரத்தைக் காண விரும்புதல் குற்றமா? அவர் குழந்தை விளையாடும் இடம் வரலாற்று மாணவனின் பாடப்புத்தகமாகவே என்றும் இருக்கவேண்டுமா? ஜேர்மனியத் தத்துவஞானி நீட்சே 1874இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், வரலாற்றுணர்வு மிகுந்தால் வாழ்வு நலிவடையும் என்றும், மறத்தல் இன்றி எவ்வுயிரும் செயற்படுதல் இயலாது என்றும் வாதிட்டார். துயர் கண்ட மக்களைக் காவலாளிகளாக்கி, அவர்தம் வாசலை நினைவுச் சின்னமாக்குவது, முன்னிருந்த கொடுமைக்கு மேலும் ஒரு சுமையைச் சேர்ப்பதாகும்.

இம்மறுப்பைப் புறந்தள்ளுதல் இயலாது. ஆயினும் மறத்தல் எனும் சொல்லில் இரு பொருள்கள் மயங்கிக் கிடக்கின்றன. துன்புற்றவர் தாமே தம் துயரை மறத்தல் ஒன்று. துன்புற்றவருக்காகப் பிறர் அதனை மறந்துவிடுதல் மற்றொன்று. முன்னது ஆறுதல், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பின்னது அநீதி, அதற்கு எவருக்கும் உரிமையில்லை. கடன் கொடுத்தவன் கடனை மன்னிக்கலாம். கடன்பட்டவன் தானே அதனை மன்னித்துக்கொள்ளல் ஆகாது. ஆகவே, அந்நிலத்து மக்களின் மறக்கும் உரிமையை ஏற்கும் அதே வேளை, நகரமோ அரசோ அவ்வுரிமையைத் தன் மறதிக்கு மறைவாகப் பயன்படுத்துதலை ஏற்கலாகாது. நினைத்தல் தனிமனிதனுக்கு விருப்பம். பொது நிறுவனத்துக்கு அது கடன்.

6. பாடபேதம்

இவ்விடத்து நம் தமிழ்ப் புலமை மரபு ஒரு வெளிச்சத்தைத் தருகின்றது. 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினர். செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பல்வேறு பாடங்களுள் எது பொருத்தமானதெனத் தெரிந்து பதிப்பிக்கும் பணி அது. அப்பணியிலும் பதிப்பாசிரியன் எதிர்கொள்ளும் வினா, நிலத்தை மீட்போன் எதிர்கொள்ளும் வினாவேயாம்: பல பாடங்களுள் எதனை மூலமெனக் கொள்வது?

நம் பதிப்பு மரபு வளர்த்தெடுத்த விடை சிந்தனைக்குரியது. பதிப்பாசிரியன் தெரிவு செய்யாமல் இருக்கவியலாது. எல்லாப் பாடங்களையும் ஒருங்கே நூலினுள் இட்டால் நூலே இராது. ஆனால் தெரிந்தெடுக்காத பாடங்களை அவன் அழிப்பதில்லை. பாடபேதம் என்று பக்கத்தின் அடியில் குறிக்கின்றான். தன் தெரிவு பிழையாயின், பின்வருவோன் அதனைத் திருத்துதற்கு வழியை அவனே விட்டுச்செல்கின்றான். தெரிவு செய்யும் துணிவும், தெரிவு பிழையாகலாம் என்னும் அடக்கமும் ஒருங்கே அமைந்த நெறி இது.

இன்னொரு சொல்லையும் இம்மரபிலிருந்து பெறலாம். பொருந்தாத பகுதியைப் பதிப்பாசிரியன் இடைச்செருகல் எனக் கூறி நீக்குவதுண்டு. நிலத்தை மீட்போரை ஈர்க்கும் பெரும் மயக்கமும் இதுவே. 1930இன் பூங்காவை மீட்டபோது, 1961 முதல் 1989 வரையான காலம், வேறு எவரோ நுழைத்துவிட்ட இடைச்செருகல் என்பது போன்ற எண்ணம் தோன்றுதல் இயல்பு. சிதைவை அள்ளினோம், சுவரை அகற்றினோம், இதோ மூலம் என்று மனநிறைவு கொள்ளத் தோன்றும். ஆனால் அக்காலம் எவரும் வெளியிலிருந்து நுழைத்த வரியன்று. அதற்கு முந்திய காலம் ஈன்ற பிள்ளை அது. பார்த் இறந்த 1933ஆம் ஆண்டே நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றிய ஆண்டு. பூங்காவிலிருந்து சுவர் வரையான வழி, அந்த ஆட்சியின் ஊடாகவும் அது மூட்டிய போரின் ஊடாகவும் சென்றது. தீமையை இடைச்செருகல் எனக் கொள்ளும் சமுதாயம், தன்னைத் தூய மூலமெனக் கருதிக்கொள்கின்றது. அதனினும் ஆபத்தான தற்பெருமை வேறில்லை.

ஆயினும் உவமையின் எல்லையையும் நாம் உணர்தல் வேண்டும். ஏட்டில் பாடத்தையும் பாடபேதத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம். நிலத்தில் அது இயலாது. ஒரே மண்ணில் ஒரே வேளை ரோசாவும் நீரும் முட்கம்பியும் இருத்தல் முடியாது. மேலும், தள்ளப்பட்ட பாடத்தால் எவரும் வீடிழப்பதில்லை. நிலத்தின் தெரிவிலோ மனிதர் வாழ்வு அடங்கியுள்ளது. எனவே நிலத்துக்கான பாடபேதம் வேறு வகையில் அமைதல் வேண்டும்.

பேர்லின் நகரம் இதனை ஓரளவு செய்துள்ளது. நகரின் பிறிதொரு பகுதியான பேர்னவர் தெருவில், சுவரின் ஒரு பகுதியும் அதனை அடுத்த காவல் நிலமும் பேணப்பட்டு, 1998இல் நினைவிடம் திறக்கப்பட்டது. நகர நடுவே பல தெருக்களில், சுவர் சென்ற வழி இரட்டை வரிசைக் கற்களால் நிலத்திற் பதிக்கப்பட்டுள்ளது. மூலமாகப் பூங்காவைக் கொண்ட நகரம், பாடபேதத்தைப் பிறிதோர் இடத்தில் குறித்தது எனலாம். எல்லா இடமும் எல்லா நினைவையும் சுமக்க வேண்டியதில்லை. நகரம் முழுவதுமாக எதனையும் இழக்காதிருந்தாற் போதும் என்பது இதன் கருத்து. இதனை நாம் ஏற்கலாம், ஒரு நிபந்தனையுடன். நினைவுக்கென ஓரிடத்தை ஒதுக்கிவிட்டோம் என்ற நிறைவில், ஏனைய இடங்களைப் பேச்சற்றனவாக்கிவிடலாகாது. அடிக்குறிப்பு எங்கோ இருந்தாலும், அதனைச் சுட்டும் குறியீடாவது நூலின் வரியில் இருத்தல் வேண்டுமன்றோ?

7. எவருடைய பாடம்

பதிப்பு மரபு விடையளிக்காத வினா ஒன்று எஞ்சுகின்றது. ஏட்டில் எழுதப்படாதவர்களின் பாடம் யாது? 1848இல் மடிந்த தொழிலாளர் எந்தத் திட்டத்திலும் ஒப்பமிட்டவர்களல்லர். கால்வாயை வகுத்தவர் பெயரும் பூங்காவை வகுத்தவர் பெயரும் வரலாற்றில் நிலைபெற்றன. வெட்டியோர் பெயர் அவ்வாறு நிலைபெறவில்லை. மீட்டமைத்தல், ஆவணமும் வரைபடமும் எஞ்சியவற்றையே மீட்க வல்லது. ஆவணம் எஞ்சுதல் பெரும்பாலும் அதிகாரம் உடையோரின் பேறு. ஆகவே மீட்டமைத்தல், தன்னை அறியாமலே, வென்றோரின் சார்பாக நிற்கும் இயல்புடையது.

இதற்கு எதிர்ச்சான்றாய் அந்நிலத்தின் ஓரத்திலேயே ஒரு செய்தி உண்டு. சுவரை நேராக எழுப்பும்பொருட்டு விடுபட்டதால், கிழக்குக்குரிய முக்கோண வடிவிலான சிறு நிலமொன்று சுவரின் மேற்குப் புறத்தே எவர் ஆட்சியும் இன்றிக் குப்பைமேடாய்க் கிடந்தது. துருக்கியிலிருந்து குடியேறிய ஒஸ்மான் காலின் என்பார் 1980களின் தொடக்கத்தில் அதனைத் துப்புரவாக்கி வெங்காயமும் கோவாவும் பயிரிட்டார். பின்னர் கிடைத்த பலகைகளைக் கொண்டு மரத்தைச் சூழ ஒரு வீடும் எழுப்பினார். கிழக்கின் காவலர் வந்து வினவினர். ஈற்றில் அவரை அவ்வாறே விட்டுவிட்டனர். சுவர் வீழ்ந்த பின்னும் அத்தோட்டம் நிலைத்தது. 2018இல் அவர் மறைந்தார். எந்த வரைபடமும் வகுக்காத, எந்தச் சட்டமும் அளிக்காத அத்தோட்டம், அந்நிலத்தின் பாடங்களுள் ஒன்றல்லவா? பார்த்தின் ரோசாக்களுக்கு உள்ள உரிமை, குடியேறிய முதியவரின் வெங்காயப் பாத்திக்கு இல்லையெனக் கூறுதற்கு நாம் எந்த நியாயத்தைக் காட்ட வல்லோம்?

இதே கால்வாயின் வழியில் அமைந்த ஒரானியன்பிளாட்ஸ் சதுக்கத்தில், 2012 முதல் 2014 வரை அகதிகள் கூடாரமிட்டுத் தம் உரிமைக்காகப் போராடினர். பொதுவிடத்தின் அழகு கெடுகின்றது என்ற முறைப்பாடும் அப்போது எழுந்தது. பூங்கா எவருக்கு உரியது எனும் வினா கடந்தகாலத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதை இது உணர்த்துகின்றது. இறந்தோருக்கு ஆற்றும் கடனைப் பற்றி நுணுக்கமாகப் பேசிவிட்டு, உயிரோடு நம் முன் நிற்போரை அழகுக்கு இடையூறு எனத் தள்ளுவோமாயின், நம் நினைவு வெறும் அலங்காரமாகிவிடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. முதலாவது, பல காலங்களைச் சுமந்த நிலத்தை மீட்போர் உண்மையான கடந்தகாலத்தைக் கண்டெடுப்பதில்லை. ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். தெரிவு என்பதை ஒப்புக்கொள்வதே அவர்தம் முதற் கடன். இரண்டாவது, அத்தெரிவில் அந்நிலத்தில் வாழ்வோரின் நலன் முதன்மை பெறுதல் நியாயம். ஆயினும் அவர்தம் ஆறுதலைப் பொது மறதிக்குத் திரையாக்கலாகாது. மூன்றாவது, தெரிந்தெடுக்கப்படாதவற்றின் சுவடு எங்கேனும், எவரும் காணுமாறு, விடப்படுதல் வேண்டும். நான்காவது, ஆவணமற்றோரின் பாடத்துக்குச் செவிசாய்த்தல் வேண்டும். அஃது இல்லாதபோது மூலமும் பேதமும் ஆகிய இரண்டும் ஒரே வர்க்கத்தாரின் குரலாகவே ஒலிக்கும்.

இவ்வளவைகளால் நோக்கின், பேர்லின் மக்கள் கால்வாயையும் சுவரையும் விடுத்துப் பூங்காவை மீட்டது தக்கதே என்பது என் துணிபு. அது தக்கதாவதற்குக் காரணம் பூங்கா அழகியது என்பதன்று, பழைமையானது என்பதுமன்று. மூன்று பாடங்களுள் பிறிதொரு பாடத்துக்கு இடம் விட்டது அது ஒன்றே என்பதே காரணம். கால்வாய் தனக்கு முன்னிருந்த வயலை நினையவில்லை. சுவர் தனக்கு முன்னிருந்த எதனையும் பொறுக்கவில்லை. தாழ்ந்த பூங்காவோ தன் கரைச்சுவர்களால் கால்வாயை இன்றும் காத்துநிற்கின்றது. தனக்கு முன்னிருந்ததை மதிக்கும் ஒன்றே, தனக்குப் பின் வருவோரால் மீட்கப்படும் தகுதியைப் பெறுகின்றது. ஆயின் அம்மதிப்பைச் சுவரின் காலத்தை நினைப்பதிலும், அக்கால்வாயை வெட்டி மடிந்தோரை நினைப்பதிலும் நீட்டாதவரை, அப்பூங்காவின் பதிப்பு முற்றுப்பெற்றதாகாது.

நிலத்தை ஆள்வோர் மாறுவர். நிலத்துக்கு இடும் பெயர்களும் மாறும். எந்நாட்டிலாயினும், இடிந்ததைக் கட்டவும் மூடியதைத் திறக்கவும் நேரும் நாளில், மண்வெட்டியை எடுக்குமுன் இவ்வினாவை எழுப்புவோர் சிலராவது அங்கு இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் பயில்வோரின் கடன்களுள் இதுவும் ஒன்று.